கலங்கரை விளக்கும் கப்பல் வைஃபையும்

உல்லாசக் கப்பலில் விடுமுறைக்குச் செல்கிறவர்கள் இணைய இணைப்பைத் தமக்குள் பகிர்ந்துகொள்வது முறையா என்னும் கேள்வி, இலக்கியம் பேசும் பக்கம் ஒன்றில் எழுதத் தகாத அற்ப விஷயமாகச் சிலருக்குத் தோன்றக்கூடும். பணம் கட்டியவர் பயன்படுத்துகிறார், கட்டாதவர் கடலைப் பார்க்கிறார். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? இருக்கிறது என்றே நாம் கருதுகிறோம். கடலில் செல்பவருக்கும் கரையில் காத்திருப்பவருக்கும் இடையே செய்தி எப்படிப் போகிறது, அதற்கு விலை கொடுப்பவர் யார், கொடுக்காதவர் கதி என்ன என்பது நெய்தல் நிலத்தின் மிகப் பழைய கேள்வி. இப்போது அது அறை எண்ணும் பிறந்த தேதியும் கேட்கும் ஒரு சிறு திரையாக உருமாறி வந்திருக்கிறது, அவ்வளவே.

முதலில் கொஞ்சம் பின்னணி. 2022 ஜூன் மாதம் கொர்டேலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பலைச் சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பிவைத்தார். 1990-இல் வேறு பெயரோடு அமெரிக்கப் பக்கத்துக் கடல்களில் ஓடத் தொடங்கிய பழைய கப்பல் அது. முதற்பருவத்தில் புதுச்சேரியில் பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. விசாகப்பட்டினம் வரை போய்த் திரும்பியது. 2023-இல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என இலங்கைத் துறைகளைத் தொட்டது. 2025 ஜூலையில் புதுச்சேரிக்கும் வந்து சேர்ந்தது. கப்பற்பயணம் என்றால் பிழைப்புக்காகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போவது என்றிருந்த நம் ஊர்களில், இரண்டு இரவு சும்மா கடலில் மிதந்துவிட்டு வருவதற்காக நடுத்தரக் குடும்பங்கள் சீட்டுக் கட்டிப் பணம் சேர்க்கின்றன. ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், ஓய்வுபெற்ற தம்பதியர் எனப் பலரும் போகிறார்கள். குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

தெற்கு நோக்கிய பயணங்களில் கோவளம், நெம்மேலி, மாமல்லபுரம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் என நம் செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரை முழுவதையும் கப்பல் வலப்புறத்தில் வைத்துக்கொண்டு கடக்கிறது. கரையின் கைப்பேசிக் கோபுரங்கள் கைவிடுவதும் இந்தப் பகுதியில்தான். பழைய ஜி.எஸ்.எம். முறையில் கோபுரத்துக்கும் கைப்பேசிக்கும் இடையே 35 கிலோமீட்டர் என்பது வடிவமைப்பிலேயே இடப்பட்ட எல்லை. நடைமுறையில் அதற்கு வெகுமுன்பே கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து மறையும். அப்போது மேல்தளத்தின் கரைப்பக்கக் கம்பிவேலியோரம் ஒரு கூட்டம் சேரும். ஆளுக்கொரு கைப்பேசியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி, "இங்க ஒரு கோடு இருக்கு" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் அங்கே நகர்வார்கள். கூட்டமாக வழிபடுவது போலிருக்கும்.

அதன்பின் கப்பலின் வைஃபைதான் கதி. அங்கே இணைப்பு, கருவிக் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு கருவிக்கு ஒரு விலை, இரண்டுக்கு வேறு விலை, செய்தி அனுப்ப மட்டும் ஒன்று, படம் பார்க்க மற்றொன்று என்று உலகெங்கும் இவ்வகைக் கப்பல்களில் ஏறக்குறைய ஒரே ஏற்பாடு. ஒரு கருவிக்கான கட்டணம் செலுத்தியவர், தம் கைப்பேசியிலிருந்து வெளியேறிவிட்டு அதே கணக்கில் மனைவியின் கைப்பேசியில் நுழையலாம். ஒரு நேரத்தில் ஒன்று என்பதே விதி. இது பொதுவாக அனுமதிக்கப்பட்ட பகிர்வு. அனுமதிக்கப்படாத பகிர்வும் உண்டு. மடிக்கணினியைக் கப்பல் வைஃபையில் இணைத்து அதிலிருந்து ஹாட்ஸ்பாட் திறந்தாலோ, உள்ளங்கை அளவுள்ள பயண ரௌட்டர் ஒன்றை அறையில் செருகினாலோ, கப்பலின் கண்ணுக்கு ஒரே கருவி தெரியும். அதன் நிழலில் ஐந்தாறு கைப்பேசிகள் உயிர்பெறும். இது தெரிந்துதான் சில பெரிய கப்பல் நிறுவனங்கள் ரௌட்டரைத் தடைசெய்த பொருட்களின் பட்டியலில் இஸ்திரிப் பெட்டியோடு சேர்த்து வைத்திருக்கின்றன.

விமான நிலைக்கு மாற்றாத கைப்பேசி, கப்பலிலேயே இருக்கும் சிறு கைப்பேசிக் கோபுரத்தைத் தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அது வைஃபை அன்று, கடல் ரோமிங். ஊர் திரும்பியபின் வரும் ரசீதைப் பார்த்துத்தான் பலருக்குக் கடலின் ஆழம் புரிகிறது.

விலை ஏன் அப்படி? நியாயமான காரணமும் இருந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது. கேள்வி அங்கே ஏறி, தரைநிலையத்துக்கு இறங்கி, விடை அவ்வழியே திரும்ப அரை வினாடிக்கு மேலாகும். கப்பல் முழுவதற்கும் கிடைப்பது ஒரு மெல்லிய ஓடை; அதை ஆயிரம் பேருக்குப் பங்கிட வேண்டும். 2000-களில் நிமிடத்துக்கு ஏறக்குறைய முக்கால் டாலர் என்றெல்லாம் வாங்கினார்கள். ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர் உயரத்திலேயே கூட்டமாகச் சுற்றும் செயற்கைக்கோள்கள் வந்தபின் நிலைமை மாறியது. 2022-இல் ராயல் கரீபியன் நிறுவனம் தன் கப்பல்கள் அனைத்துக்கும் ஸ்டார்லிங்க் என்று அறிவித்தது. இந்தியக் கடற்பரப்பில் கப்பலுக்குள் இவ்வாறு இணைப்புத் தருவதற்கான விதிகளே 2018 டிசம்பரில்தான் வந்தன. ஓடை வாய்க்காலாகியிருக்கிறது. கருவிக்கு இத்தனை என்னும் கணக்கு மட்டும் மாறவில்லை.

இந்த இடத்தில் ஒரு தரப்பினர் குறுக்கிடுவார்கள். "கடலுக்குப் போயுமா கைப்பேசி? இரண்டு நாள் அணைத்து வைத்தால் என்ன? சூரியோதயத்தைப் பாருங்கள்" என்பார்கள். இலக்கிய வட்டங்களில் இந்தக் குரல் சற்று அதிகமாகவே கேட்கிறது. நமக்கு இதில் உடன்பாடில்லை. செய்தியற்ற வெளியாகக் கடலைப் போற்றுவது, கடலோடு வாழாதவர்களின் கற்பனை. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். போனவன் வரவில்லையே, செய்தியும் இல்லையே என்பதுதான் அத்திணையின் பாடல்களில் பெரும்பகுதி. செய்தி இல்லாமையைத் துயரமாகப் பாடிய மரபைக் கற்பிக்கும் நாம், அதையே ஒரு சொகுசாகப் பரிந்துரைப்பது விசித்திரம். வீட்டில் படுக்கையில் ஒருவரும் இல்லாதவர்களால், வெளியூரில் பிள்ளையைத் தேர்வுக்கு அனுப்பாதவர்களால்தான் கைப்பேசியை அணைத்துவிட்டுச் சூரியோதயம் பார்க்க முடியும்.

ஆனால் எல்லாப் போக்குவரத்தும் செய்தியன்று என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இதற்கு 1912 ஏப்ரல் 14 இரவைவிட நல்ல சான்று கிடைக்காது. டைட்டானிக் கப்பலில் இருந்த கம்பியில்லாத் தந்தி இயந்திரம் மார்க்கோனி நிறுவனத்தினுடையது. அதை இயக்கிய இருவரும் அந்நிறுவனத்தின் ஆட்கள். பயணிகளின் தந்திகளே வருமானம். முதல் பத்துச் சொற்களுக்குப் பன்னிரண்டரை ஷில்லிங், அடுத்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒன்பது பென்ஸ். முதல்நாள் இயந்திரம் பழுதுபட்டதால் தந்திகள் குவிந்துகிடந்தன. அன்றிரவு கேப் ரேஸ் நிலையத்தோடு அவற்றை அனுப்பித் தீர்க்கும் மும்முரம். அருகில் நின்றிருந்த கலிஃபோர்னியன் கப்பல், தன்னைச் சுற்றிலும் பனிப்பாறைகள் இருப்பதாகச் சொல்ல முயன்றபோது, குறுக்கிடாதே என்று வாயடைக்கப்பட்டது. கலிஃபோர்னியனின் தந்தியாளர் சிறிது நேரத்தில் கருவியை நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டார். மற்றது உலகறிந்தது. கப்பல்களில் இரவும் பகலும் அபாய அழைப்புக்குச் செவிகொடுத்திருக்க வேண்டும் என்னும் விதி பிறந்தது இந்தச் சாவுகளுக்குப் பின்புதான். கடலில் இணைப்பு என்பது தோன்றிய காலத்திலேயே விற்பனைச் சரக்காகவும் உயிர்க்காப்பாகவும் ஒருசேர இருந்திருக்கிறது. முன்னது பின்னதை நெரித்தும் இருக்கிறது.

அதே காலத்தில் வேறொரு பழக்கமும் இருந்தது. கூனார்ட் நிறுவனத்தின் அட்லாண்டிக் கப்பல்களில், கம்பியில்லாத் தந்தி வழியே வந்த உலகச் செய்திகளைக் கப்பலிலேயே அச்சிட்டுத் தினத்தாளாகப் பயணிகளுக்கு வழங்கினார்கள். வானத்திலிருந்து ஓர் இணைப்பு; கப்பல் முழுவதும் அதைப் படித்தது. இன்றைய கப்பலின் ஒலிபெருக்கி, பிங்கோ விளையாட்டு எத்தனை மணிக்கு என்பதை மட்டும் நாளுக்கு நான்குமுறை அறிவிக்கிறது.

கடலில் செய்தியைப் பொதுவாக வைப்பது நமக்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், நீர்ப்பெயற்று என்னும் துறையையும் அங்கே உயர்ந்த மாடத்தின்மேல் இரவில் எரியும் விளக்கையும் காட்டுகிறார். அந்தத் துறை இன்றைய மாமல்லபுரமே என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. மாற்றுக் கருத்தும் உண்டு. எப்படியாயினும், மாமல்லபுரத்துக் குன்றின்மேல் விளக்கு எரிந்த வரலாறு உறுதியானது. 1887-இல் ஆங்கிலேயர், பல்லவர் கட்டிய உழக்கெண்ணெய் ஈசுவரர் கோயிலின் உச்சியிலேயே விளக்கேற்றினார்கள். ஈசனின் தலைமேல் கப்பலுக்கு விளக்கு. பல்லவ மன்னன் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பானோ. பக்கத்திலேயே கல்லால் கட்டப்பட்ட இப்போதைய கோபுரம் 1904 முதல் எரிகிறது.

பொருளியலார் கலங்கரை விளக்கை ஒரு தனி உதாரணமாக வைத்துப் பலகாலம் வாதிட்டிருக்கிறார்கள். யாரையும் விலக்க இயலாத, பார்ப்பதால் குறையாத பொதுநன்மைக்கு அதுவே அடையாளம் என்றார் பால் சாமுவேல்சன். ரொனால்ட் கோஸ் 1974-இல் எழுதிய கட்டுரையில், இங்கிலாந்தில் தனியாரும் விளக்குகளை நடத்தினர், துறைமுகங்களில் கட்டணம் வாங்கினர் என்று எடுத்துக்காட்டி அந்த எளிமையைக் கலைத்தார். நம் நாட்டிலும் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களிடம் விளக்குக் கட்டணம் வாங்கும் வழக்கம் 1927-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து உண்டு. 2021-இல் அச்சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் வந்தது. ஆனால் கோஸ் சொன்னதை ஒப்புக்கொண்டாலும் ஒன்று மிஞ்சுகிறது. பெரிய கப்பல் கட்டிய காசில் எரியும் விளக்கை, எந்தத் துறைமுகத்திலும் நுழையாத கட்டுமரமும் பார்த்துக்கொள்கிறது. கண்ணை மூடிக்கொள் என்று யாரும் அதற்குச் சொல்வதில்லை.

சொல்லாராய்ச்சிக்குச் சிறிது இடம் தருக. கலம், கரை, விளக்கம். கரைதல் என்றால் அழைத்தல். காகம் கரைகிறது என்கிறோமே, அதே வினை. கலங்களை அழைக்கும் விளக்கு என்பது பொருள். வெளிச்சம் என்று பார்க்காமல் அழைப்பு என்று பார்த்த மொழி இது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் தெற்கே போனால், இணையமே இவ்வாறு கரைந்த ஊர்களைக் காணலாம். 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வட்டாரக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. மீனவக் கிராமமான வீராம்பட்டினத்தில் ஒரு கணினி, ஓர் இணைப்பு. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து வங்கக்கடலின் அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் மாற்றி, ஒலிபெருக்கியில் கடற்கரை முழுவதும் கேட்கும்படி படித்தார்கள். கணினியைத் தொட்டறியாதவர்களும், எழுத்தறியாதவர்களும், வலையைச் செப்பனிட்டுக்கொண்டே இணையத்தைப் பயன்படுத்தினார்கள். கருவிக் கணக்கில் பார்த்தால் அங்கே ஒரு கருவிதான். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. தகவல் மையத்தின் ஒலிபெருக்கி அதை ஊருக்குச் சொன்னது. சுமார் 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊர் ஆழிப்பேரலைக்கு முன் கரையை விட்டு நீங்கியது. மாமல்லபுரத்தை ஒட்டிய குப்பங்களுக்கு அன்று அப்படியொரு குரல் வாய்க்கவில்லை.

கலங்கரை விளக்கையும் கப்பல் வைஃபையையும் முற்றிலும் ஒன்றாக்கிவிட முடியாது என்பதை நாம் அறிவோம். பார்ப்பதால் ஒளி குறையாது; பயன்படுத்தினால் அலைக்கற்றை குறையும். ஆனால் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தமிழ் எழுத்துக் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட். இருநூறு குறியீடுகள் கொண்ட செய்தி ஒரு கிலோபைட்டைக்கூட எட்டாது. ஒரு மணி நேரம் ஓடும் படம், சாதாரணத் தரத்திலேயே, ஏறக்குறைய ஒரு ஜிகாபைட். அறைக்குள் ஒருவர் பார்க்கும் நெடுந்தொடரின் ஒரு மணி நேரத்துக்குள், 'நலம், நலமறிய ஆவல்' என்னும் செய்திகள் பல லட்சம் அடங்கிவிடும். முதலாவதைச் சொகுசு என்று விற்கட்டும், எவ்வளவு விலைக்கு வேண்டுமானாலும். இரண்டாவதையும் அதே தராசில் நிறுப்பதுதான் நமக்குப் புரியவில்லை. சில விமான நிறுவனங்கள் பறக்கும்போது எழுத்துச் செய்திகளைக் கட்டணமின்றி அனுமதிக்கின்றன. கப்பலில் ஏன் முடியாது?

சில ஆண்டுகளுக்குமுன் நாங்கள், நான்கு ஆசிரியர் குடும்பங்கள், இப்படியொரு பயணம் போனோம். மாமல்லபுர விளக்கின் சுழல்வெளிச்சம் பின்னால் போன சிறிது நேரத்தில் கோடுகள் அற்றன. மேல்தளத்தில் மதுராந்தகம் பக்கத்து அம்மையார் ஒருவர் கைப்பேசியைக் கையில் பிடித்தபடி இருக்கைக்கும் கம்பிவேலிக்குமாக நடந்துகொண்டிருந்தார். பெங்களூரில் மகளுக்குக் காலையிலிருந்து பிரசவ வலி. நாள் தள்ளித்தான் குறித்திருந்தார்களாம். அந்தத் தைரியத்தில் கிளம்பிவந்துவிட்டார். கணவர் வரவேற்பு மேசைக்குப் போய் விசாரித்தார். முழுப் பயணத்துக்கான கட்டணத் திட்டம் மட்டுமே உண்டு, பத்து நிமிடத்துக்கென்று தனியாக இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. அவர்களிடம் அந்தப் பணம் இல்லை என்று சொல்ல முடியாது. எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவர்கள் என்பது மட்டும் தெரிந்தது.

பக்கத்து மேசையில் அதுவரை தலை நிமிராமல் விளையாடிக்கொண்டிருந்த இளைஞர் எழுந்துவந்தார். "அம்மா, உங்க போனக் குடுங்க, நான் வெளிய வந்துட்டேன்" என்றார். தம் கைப்பேசியைக் கொடுத்திருக்கலாமே என்று நமக்கு முதலில் தோன்றியது. அதில் பயனில்லை. மருமகன் படம் அனுப்புவது அம்மையாரின் எண்ணில் இருக்கும் வாட்ஸ்அப்புக்கு. எனவே கருவியை அல்ல, இணைப்பைத்தான் இரவல் தரவேண்டும். அவர் தம் கணக்கை அந்தக் கைப்பேசியில் திறந்துவிட்டார். வரிசையாக மணியடித்தது. ஆறு மணிக்கே பெண் குழந்தை. "காசு எவ்வளவுப்பா?" என்று அந்த அம்மையார் கேட்க, இளைஞர் வெட்கப்பட்டு நகர்ந்தார். பிறகு யார் யாரோ வந்து அந்தப் படத்தைப் பார்த்தார்கள். ஒரிசாக்காரப் பரிசாரகர் ஒருவர்கூட.

அந்த இளைஞர் செய்தது திருட்டா? விதிப்படி ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் இயங்கியது. கணக்கு அவருடையது, பயன்படுத்தியவர் அயலார். நிபந்தனைகளைப் பூதக்கண்ணாடியில் படித்தால் ஏதேனும் ஒரு வரி தடுக்கலாம். நமக்கு இதில் தயக்கமில்லை: தாம் வெளியேறி மற்றவரை உள்ளே விடும் பகிர்வு நேர்மையானது. அளவு கூடவில்லை, தம் பங்கைத்தான் கொடுத்தார். அறைக்குள் ரௌட்டரை ஒளித்துவைத்து ஆறு பேர் ஒரே கணக்கில் படம் பார்ப்பதை நாம் ஆதரிக்கவில்லை. அது குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவதற்கு ஒப்பானது. தண்ணீர்ப் பஞ்சத்தில் வளர்ந்த நமக்கு அதை விளக்கவேண்டியதில்லை. அடுத்த அறைக்காரரின் இணைப்பு தடுமாறுவது இதனால்தான். இரண்டையும் ஒரே சொல்லால் 'பகிர்தல்' என்று அழைப்பதும், ஒரே விதியால் தடுப்பதும் ஒருசேரத் தவறு.

கப்பல் நிறுவனங்களிடம் நாம் கேட்க விரும்புவது பெரிதொன்றுமில்லை. ஒவ்வொரு பயணிக்கும் எழுத்துச் செய்திகளுக்கு மட்டும் விலையில்லா இடம். குடும்பத்துக்கு ஒரு கணக்கு போதும் என்று வெளிப்படையாக அறிவித்தல். வானிலையையும் அன்றைய தலைப்புச் செய்திகளையும் உணவுக்கூட வாசலில் ஒரு தாளில், தமிழிலும், ஒட்டுதல்.

இவ்வளவு எழுதியபின் கப்பலுக்கு வெளியிலும் பார்க்கவேண்டும். மேல்தளத்திலிருந்து நோக்கினால் கொக்கிலமேடு, தேவனேரிப் பக்கத்துப் படகுகளின் சிறு விளக்குகள் தெரியும். அவர்களுக்கும் அதே தூரத்தில்தான் கோடுகள் அறுகின்றன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலைக் கலக்கியபோது, ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை, நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. கரையில் இருந்த அனைவருக்கும் தெரிந்த செய்தி கடலில் இருந்தவருக்குத் தெரியவில்லை. அதன்பின் பல முயற்சிகள் நடந்தன. 2024 ஆகஸ்ட் 30 அன்று, படகுகளில் ஒரு லட்சம் டிரான்ஸ்பாண்டர் கருவிகளைப் பொருத்தும் சுமார் 360 கோடி ரூபாய்த் திட்டத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியே குறுஞ்செய்தி இருபுறமும் போகும். கோபுரம் வேண்டாம், படகுக்காரர் கட்டணமும் செலுத்தவேண்டாம். படமும் பாட்டும் அதில் வராது. புயல் வருகிறது என்பதும், உதவி வேண்டும் என்பதும் போகும், வரும். எழுத்துச் செய்தியைக் கடலில் இலவசமாகத் தருவது இயலாது என்று எந்தக் கப்பல் நிறுவனமேனும் சொல்லுமானால், பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும் ஃபைபர் படகைக் காட்டலாம்.

அடுத்த பருவத்தில் பயணம் போகிற வாசகர்களுக்கு, அனுபவத்தில் கண்ட இரண்டு நடைமுறைக் குறிப்புகள். துறைமுகத்திலேயே கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றிவிட்டு வைஃபையை மட்டும் திறந்துகொள்க. இணைப்பை யாருக்கேனும் இரவல் தருவதாயின், முதலில் உங்கள் திரையில் 'வெளியேறு' என்பதை அழுத்துக. வைஃபையை அணைத்தால் மட்டும் போதாது, நீங்கள் இன்னும் உள்ளேயே இருப்பதாகக் கப்பல் நினைத்துக்கொண்டிருக்கும், அவரால் நுழைய முடியாது.